கோதுமை பீரும் ஐபிஏவும் கலந்த பீருக்கு எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கோதுமை பீரையும் அமெரிக்க ஐபிஏவையும் (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு தூக்கலான வகை) இணைத்துச் செய்ததாக லேபிளில் போட்டிருந்த ஒரு கிராஃப்ட் பீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே குடித்திருக்கிறீர்கள். முகர்ந்தால் வாழைப்பழம், குடித்தால் நல்ல கசப்பு, விழுங்கிய பிறகு வாயில் ஏதோ ஓர் உறுத்தல். கோதுமை பீர் என்று நினைத்துக் குடித்தால் கசப்பு அதிகம், ஐபிஏ என்று நினைத்துக் குடித்தால் வாழைப்பழம் இடிக்கிறது என்று 5-க்கு 3 போட்டீர்கள். அதே பீருக்கு உங்கள் நண்பர் 4.5 போட்டுவிட்டார். எந்த வகையின் அளவுகோலால் இதை அளப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: எனக்குப் பிடிக்காமல் போனது பீரில் இருந்த குறையாலா, அல்லது என் ரசனையாலா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப்போகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது தானாகவே தீர்ந்துவிடும்.

நான் பல வருடங்களாக வீட்டில் பீர் தயாரிப்பவன், போட்டிகளில் நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒன்று: கலப்பு வகை பீரை இரண்டு அளவுகோலால் தனித்தனியாக அளந்து சராசரி எடுத்தால், அது எப்போதும் தோற்கும். எண்களைப் பார்த்தாலே தெரியும். பீர் நடுவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) கையேட்டில் ஜெர்மன் கோதுமை பீரின் கசப்பு 8 முதல் 15 ஐபியூ, அதாவது கசப்பை அளக்கும் அலகு. அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70. இந்த இரண்டு வட்டங்களும் எங்கேயும் தொட்டுக்கொள்வதே இல்லை. அதனால் எவ்வளவு அருமையாகச் செய்த கலப்பாக இருந்தாலும், ஏதாவது ஒரு வகையின் கணக்கில் அது தப்பாகத்தான் இருக்கும். நீங்கள் போட்ட 3, பாதி அப்படி வந்த மதிப்பெண் என்று நினைக்கிறேன். அந்த பீர் எதைச் செய்ய முயன்றதோ அதற்காகவே அதற்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது.

நடுவர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்றால், பிஜேசிபி கையேட்டில் கலப்பு வகைக்கென்றே ஓர் உட்பிரிவு உண்டு, 34பி. அதில் பீரை அனுப்புகிறவர் எந்தெந்த வகைகளைச் சேர்த்தேன் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். பழகிப்போன கலப்புகளுக்குத் தனி இடமே கிடைத்துவிட்டது. பிளாக் ஐபிஏ, ஒயிட் ஐபிஏ, பெல்ஜியன் ஐபிஏ போன்றவை 21பி என்ற பிரிவில் தங்களுக்கென்று சொந்த வர்ணனையோடு இருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, 34பி-யில் வரும் பீரை நடுவர் மேசையில் யாரும் இது பாதி அது பாதி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு வகைகளும் அடையாளம் தெரிகிறதா, ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கின்றனவா, மொத்தத்தில் குடிக்க நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் கடினமானது. அதை நான் ‘சேருமிடம்’ என்று மனதில் வைத்துக்கொள்வேன். கலப்பு பீரின் தரம் அந்த இடத்தில்தான் தெரியும்.

உங்கள் பீருக்கு ஒரு முன்னோடி உண்டு. 2007-ல் ஜெர்மனியின் ஷ்னைடர் ப்ரூவரியின் ஹான்ஸ்-பீட்டர் ட்ரெக்ஸ்லரும், நியூயார்க் ப்ரூக்ளின் ப்ரூவரியின் காரெட் ஆலிவரும் சேர்ந்து ஹாப்ஃபென்-வைஸ என்ற பீரைச் செய்தார்கள். நொதித்த பிறகு ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) ஊறவைப்பதில் ஜெர்மனியில் செய்ததற்கு ஸஃபீர் என்ற ஜெர்மன் ஹாப்ஸும், நியூயார்க்கில் செய்ததற்கு அமரில்லோ, பாலிசேட் என்ற அமெரிக்க ஹாப்ஸும் போனது. ஷ்னைடர் இன்றும் அதைத் ‘டேப் 5’ (TAP5) என்ற பெயரில் 8.2 சதவீத ஆல்கஹாலோடு விற்கிறது. அந்த 8.2 தற்செயல் இல்லை என்பது என் கணிப்பு. சாதாரண கோதுமை பீர் 5 சதவீதத்தை ஒட்டியது, உடம்பு லேசானது. அதன்மேல் ஐபிஏ அளவுக்குக் கசப்பை ஏற்றினால் தாங்காது. அவர்கள் அடித்தளத்தையே கனமான மால்ட் (முளைகட்டிய தானியம்) கொண்ட வைசன்பாக் என்ற பலமான கோதுமை பீர் அளவுக்கு உயர்த்திக்கொண்டதால், ஹாப்ஸ் வந்து உட்கார இடம் இருந்தது. உங்கள் பாட்டிலில் ஆல்கஹால் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்து கசப்பும் பலமாக இருந்தால், உறுத்தலுக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடலாம்.

சரி, குடிப்பதற்கு வருவோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உடனே குடித்தேன் என்றீர்கள். 4 டிகிரி செல்சியஸில் இந்த மாதிரி பீரை மதிப்பிடவே முடியாது. குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும், மால்ட்டின் இனிப்பும் மங்கலாகிவிடும், மிஞ்சுவது கசப்பும் கேஸும்தான். அதாவது குளிரில் இருக்கும்போது இது ஐபிஏ பக்கம் சாய்ந்த பீர் போலத் தெரியும். கிளாஸில் ஊற்றி 8 டிகிரி அளவுக்கு வந்ததும் ஒரு வாய், 12 டிகிரியை நெருங்கும்போது இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். ஒரே பீர் கோதுமை பக்கம் நகர்வதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நல்ல கலப்பு இந்த நகர்வு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். மோசமான கலப்பு ஏதாவது ஒரு வெப்பநிலையில் மட்டும் நன்றாக இருந்து, மற்ற நேரத்தில் கலைந்துவிடும். வெப்பமானி எல்லாம் தேவையில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு பத்து நிமிடம் விட்டு ஊற்றி, கிளாஸை அவசரமில்லாமல் அரை மணி நேரத்துக்கு இழுத்தால் போதும்.

ஊற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, கலப்பு பீருக்கு இது ரொம்ப முக்கியம். கோதுமை பீரைக் குடிக்கிறவர்கள் பாட்டிலின் கடைசி மடக்கைச் சுழற்றி அடிமண்டியையும் கிளாஸில் சேர்ப்பார்கள், அந்த ஈஸ்ட் இல்லாமல் அது முழுமையில்லை. ஐபிஏ குடிக்கிறவர்கள் அடிமண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவார்கள். உங்கள் பீருக்கு எது சரி? நான் இரண்டையும் செய்வேன். முதலில் பாட்டிலைக் கலக்காமல் மெதுவாகச் சாய்த்து ஒரு கிளாஸில் முக்கால்வாசி, பிறகு மிச்சத்தைச் சுழற்றி இன்னொரு சிறிய கிளாஸில். இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து குடித்துப் பார்த்தால், ப்ரூவர் எந்தப் பக்கத்தை மனதில் வைத்துச் செய்தார் என்று தெரிந்துவிடும். தெளிவான கிளாஸில் ஹாப்ஸ் வாசனை கூர்மையாக இருந்து, மண்டி சேர்ந்த கிளாஸில் ரொட்டி மாவு வாசனையோடு கசப்பு உருண்டையாகி மென்மையாகத் தெரிந்தால், அது மண்டியோடு குடிக்க வேண்டிய பீர். மண்டி சேர்ந்ததும் தொண்டையில் காரல் ஏறினால், மண்டியில் ஈஸ்ட்டோடு ஹாப்ஸ் துகளும் கிடக்கிறது என்று அர்த்தம். அதை அடியிலேயே விட்டுவிடலாம். எப்படி ஊற்றினீர்கள் என்பதை மதிப்பெண்ணோடு எழுதிவையுங்கள். நீங்கள் தெளிவாகவும் நண்பர் கலக்கியும் ஊற்றியிருந்தால் நீங்கள் இருவரும் குடித்தது ஏறக்குறைய இரண்டு வேறு பீர்.

நுரை அடங்கும் முன் எடுக்கும் முதல் மடக்கை வைத்துக் கசப்பை முடிவு செய்யாதீர்கள். ஹாப்ஸின் கசப்புக்குக் காரணமான ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் நுரையில் போய்ச் செறிகின்றன. நுரையை மட்டும் ஒரு ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தால் பீரைவிடக் கசப்பாக இருக்கும். கோதுமையின் புரதம் அந்த அமிலங்களோடு சேர்ந்துதான் அவ்வளவு அடர்த்தியான, நிலைத்து நிற்கும் நுரையைத் தருகிறது. அதனால் கோதுமையும் ஹாப்ஸும் சேர்ந்த பீரில் நுரை பெரிதாகவும் இருக்கும், கசப்பாகவும் இருக்கும். இரண்டாவது மடக்கிலிருந்துதான் நான் எதையும் எழுதுவேன்.

முகரும்போது வாசனைகளுக்குப் பெயர் வைக்க அவசரப்படாமல், எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், கோதுமை பீர் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்குவது. அதே ஈஸ்ட் கிராம்பு வாசனையையும் தரும், அது 4-வினைல் குவாயகால் என்ற ஃபீனால். மால்ட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்திலிருந்து ஈஸ்ட் அதை உருவாக்குகிறது. அதனால்தான் கிராம்பு வேண்டும் என்கிற ப்ரூவர் மால்ட்டை ஊறவைக்கும்போது 43 முதல் 45 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் நிறுத்துவார், அந்த அமிலம் கூடுதலாகப் பிரிந்து வர. இது ஈஸ்ட் பக்கம். இன்னொரு பக்கம் ஹாப்ஸிலிருந்து ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மரப்பிசின், புல் போன்ற வாசனைகள் வரும். இப்போது சேருமிடத்தைத் தேடுங்கள். வாழைப்பழமும் மாம்பழம் மாதிரியான ஹாப்ஸ் வாசனையும் சுலபமாகச் சேரும், இரண்டும் பழம்தான், எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் அதைவிட நன்றாகச் சேரும். ஆனால் கிராம்பும் பைன் பிசினும் எதிரெதிராக நிற்கும். இரண்டுமே மூக்கைக் குத்துகிறவை, இரண்டும் பலமாக இருந்தால் மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். என் அனுபவத்தில் இந்த வகைக் கலப்புகளில் பாதிக்கு மேல் சறுக்குவது இந்த ஒரே இடத்தில்தான். அப்படிச் சறுக்கியிருந்தால் அதற்கு மதிப்பெண் குறைப்பது முழுக்க நியாயம், காரணம் அது தேர்வில் நடந்த தவறு. அந்த ஈஸ்ட்டுக்கு அந்த ஹாப்ஸைப் போட்டிருக்கக் கூடாது.

இங்கேதான் குறை என்ற விஷயம் சிக்கலாகிறது. ஒரே மூலக்கூறு ஒரு வகையில் கட்டாயம், இன்னொரு வகையில் குற்றம். அமெரிக்க ஐபிஏவில் கிராம்பு வாசனை வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று எழுதுவேன். கோதுமை பீரில் அது இல்லாவிட்டால் ஈஸ்ட்டே சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதுவேன். கலங்கல், வாழைப்பழம் எல்லாமே இதே கதைதான். ஆகவே உங்கள் கலப்பு பீரில் வாழைப்பழம் இருக்கிறது என்பதற்காக ஒரு புள்ளிகூடக் குறைக்கக் கூடாது, லேபிளில் கோதுமை பீர் என்று சொல்லிவிட்டுத்தானே கொடுத்தார்கள். அதே சமயம் எந்த வகைப் பெயரும் காப்பாற்ற முடியாத குறைகள் சில உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் ஆக்ஸிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, அமெரிக்கர்கள் ஸ்கங்க் என்ற பிராணியோடு ஒப்பிடும் ஒரு நாற்றம் வரும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாசனை குளோரோஃபீனால், தண்ணீரிலோ கழுவிய ரசாயனத்திலோ இருந்த குளோரின் மிச்சம். இதைக் கிராம்போடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கிராம்பு கதகதப்பாக, சமையலறை மசாலா போல இருக்கும். பிளாஸ்டர் வாசனை தட்டையாக, ஆஸ்பத்திரித்தனமாக இருக்கும், கிளாஸ் காலியான பிறகும் போகாது. கோதுமை பீர் கலப்பு என்ற போர்வையில் இந்தக் குறை தப்பித்துப் போவதை நடுவர் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்களை உறுத்தியது எது என்று எழுதவில்லை, எழுத்தை வைத்து நானும் தீர்மானிக்க முடியாது. ஆனால் அடுத்த பாட்டிலில் நீங்களே கண்டுபிடிக்கலாம், எங்கே எப்போது உறுத்துகிறது என்று கவனித்தால் போதும். ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து, கடும் டீ குடித்ததுபோல இழுத்தால் அது துவர்ப்பு. ஹாப்ஸ் இலைகளிலிருந்தும் தானிய உமியிலிருந்தும் வரும் பாலிஃபீனால்களால் வருவது. தொண்டையின் பின்பக்கம் மிளகு பட்டதுபோல எரிந்தால் பெரும்பாலும் மிதக்கும் ஹாப்ஸ் துகள்கள்தான். பாட்டிலை நிமிர்த்தி இரண்டு மூன்று நாள் குளிரில் வைத்து, அசைக்காமல் ஊற்றினால் அது கணிசமாகக் குறையும். நெஞ்சில் சூடு பரவினால் ஆல்கஹால். இவை எதுவும் இல்லாமல், நாக்கின் பின்பகுதியில் கசப்பு மட்டும் நீளமாக நின்று, அதன்மேல் கிராம்பு வாசனை மூக்கின் பின்வழியாகத் திரும்பி வந்து இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டால், அதுதான் நான் சொன்ன சேருமிடத்தில் வந்த கோளாறு. இந்தக் கடைசி ஒன்றைப் பிடிக்க ஒரு வழி: ஒரு மடக்கு விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். பிறகு அடுத்த மடக்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். மூக்கைப் பிடித்தபோது உறுத்தல் காணாமல் போனால் அது வாசனை தரும் உறுத்தல். அப்படியே இருந்தால் கசப்போ துவர்ப்போ.

கோதுமை கலப்பில் சண்டை மூக்கில் நடக்கிறது. பிளாக் ஐபிஏவில் அது நாக்கில் நடக்கிறது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல பாடம். அங்கே வறுத்த மால்ட்டின் கரிக் கசப்பும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் உமி நீக்கிய கருப்பு மால்ட்டைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது கருப்பு மால்ட்டைக் குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைத்துச் சேர்க்கிறார்கள். நிறம் கிடைக்கும், கரி வராது. இந்த வகை எங்கே பிறந்தது என்பதில் சண்டை தீரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் வெர்மான்ட்டில் கிரெக் நூனன் செய்தார் என்பது ஒரு கட்சி. அமெரிக்காவின் வடமேற்குக்காரர்கள் கேஸ்கேடியன் டார்க் ஏல் என்று தங்கள் பெயரை வைத்து உரிமை கொண்டாடுகிறார்கள். ஹாப்ஸ் அதிகமான போர்ட்டர் என்ற கரும் பீருக்கும் பிளாக் ஐபிஏவுக்கும் கோடு எங்கே என்பதிலும் நடுவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிஜேசிபி கையேடு வறுத்த சுவை குறைவாகவோ மிதமாகவோ இருக்க வேண்டும் என்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். கண்ணை மூடிக் குடித்தால் முதலில் ஐபிஏ என்று தோன்ற வேண்டும், கருப்பு அதன் பின்னால் வர வேண்டும்.

கண்ணை மூடி என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 பேரிடம், வாசனையில்லாத சிவப்பு நிறம் சேர்த்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளில் வர்ணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. பயிற்சி பெறுகிறவர்களையே நிறம் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது. லேபிள் அதைவிட மோசமாக இழுக்கும். கோதுமை என்று படித்தால் வாழைப்பழத்தைத் தேடுவோம், ஐபிஏ என்று படித்தால் கசப்பைத் தேடுவோம், இரண்டும் படித்தால் மோதலைத் தேடுவோம். அடுத்த முறை வீட்டில் யாரையாவது ஊற்றிக் கொடுக்கச் சொல்லி, என்ன பீர் என்று தெரியாமல் குடித்துப் பாருங்கள். முடிந்தால் மூன்று கிளாஸ் வைத்து, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு பீர் ஊற்றச் சொல்லி, எது தனி என்று கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திரும்பத் திரும்பச் சரியாக வந்தால் மட்டுமே அந்த வித்தியாசம் உங்கள் நாக்குக்கு நிஜமாகவே தெரிகிறது என்று சொல்லலாம்.

தயாரான இரண்டு பீர்களையே ஒன்றாக ஊற்றிக் கலப்பது வேறு விஷயம். பெல்ஜியத்தின் கூஸ், வெவ்வேறு வயதுள்ள லாம்பிக்குகளை (காற்றிலுள்ள ஈஸ்ட்டால் தானாக நொதிக்கும் புளிப்பு பீர்) கலந்து செய்வது. ரோடன்பாக் கிராண்ட் க்ரூ என்ற பெல்ஜிய பீரில் மூன்றில் ஒரு பங்கு இளசு, இரண்டு பங்கு ஓக் மரப்பீப்பாயில் இரண்டு வருடம் கிடந்தது. அங்கே கலப்பவரின் வேலையே தனிக்கலை, மதிப்பிடும் முறையும் கொஞ்சம் மாறும். உங்கள் பீர் அந்த வகையில்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். பிஜேசிபி தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். கலங்கலா தெளிவா என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள அதில் இடமே இல்லை. உங்கள் பீரில் ஊகமாக ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வாசனையில் வாழைப்பழமும் ஹாப்ஸும் தெளிவாக இருந்து, கிராம்பு கொஞ்சம் முந்திக்கொண்டது என்றால் 9. நுரை நின்றது, நிறம் சரி, 3. சுவையில் மால்ட் தாங்கியது, கடைசியில் மட்டும் கசப்பும் கிராம்பும் மோதின என்றால் 14. வாய் உணர்வில் லேசான துவர்ப்பு, 4. மொத்தத்தில் இன்னொரு கிளாஸ் குடிப்பேன், ஆனால் தேடிப் போக மாட்டேன் என்றால் 7. கூட்டினால் 37. அந்தத் தாளில் 30 முதல் 37 வரை ‘மிக நன்று’ என்ற படி. 5-க்கு மாற்றினால் 3.7. உங்கள் 3-க்கும் நண்பரின் 4.5-க்கும் நடுவில் எங்கோ வருகிறது, ஆனால் சராசரி எடுத்ததால் வந்ததில்லை. எங்கே புள்ளி போனது என்று ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்துக் காட்ட முடியும். உங்களுக்குக் கிடைக்கும் எண் 2.5 ஆகவும் இருக்கலாம், அதில் தப்பில்லை. எந்தப் புள்ளி எதற்காகப் போனது என்று சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

என் சொந்தக் குறிப்பேட்டில் இந்த எண்ணுக்குப் பக்கத்தில், கூட்டாமல், தனியாக இன்னொரு எண் எழுதுவேன்: எனக்கு எவ்வளவு பிடித்தது என்று, 5-க்கு. நடுவர் மேசையில் இதற்கு இடமில்லை, ஆனால் தனிப்பட்ட முறையில் குடிப்பவருக்கு இது ரொம்ப உதவும். தரத்துக்கு 3.7, விருப்பத்துக்கு 2.5 என்று ஒரு பீர் நிற்கலாம், அதில் முரண்பாடு எதுவும் கிடையாது. நீங்கள் மதிப்பெண் பதியும் செயலியில் ஒரே எண்தான் போட முடியும் என்றால், விருப்ப எண்ணையே போடுங்கள். அது உங்கள் பதிவு, உங்கள் ரசனையைத்தான் காட்ட வேண்டும். தரம் பற்றிய குறிப்பைக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு பாட்டிலை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். கிளாஸில் இருப்பது பழசா, வெளிச்சம் பட்டதா, துவர்க்கிறதா என்பதை ஒரு பாட்டிலில் நிச்சயமாகச் சொல்லலாம். அந்தக் குறை ப்ரூவரியில் வந்ததா, வழியில் வெயிலில் கிடந்து வந்ததா என்பதை ஒரு பாட்டிலில் சொல்லவே முடியாது. குறிப்பாக இந்தக் கலப்பில் ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் மங்கிவிடும், கசப்பு அவ்வளவு வேகமாகக் குறையாது. சில மாதம் பழசான பாட்டிலில் பழ வாசனை போய் வெறும் கசப்பும் கிராம்பும் மிஞ்சி, ப்ரூவர் செய்யாத ஒரு மோதல் உருவாகிவிடும். அடைத்த தேதி லேபிளிலோ மூடியிலோ இருக்கும், அதைப் பாருங்கள். ப்ரூவரின் நோக்கம் என்னவாக இருந்தது என்பதும் நம் ஊகம்தான், லேபிளில் எழுதியதற்கு மேல் நமக்குத் தெரியாது.

உங்கள் நண்பரின் 4.5 பற்றிக் கடைசியாக. அவருக்கு நாக்கு மோசம் என்றோ உங்களுக்குப் பழக்கம் போதாது என்றோ நினைக்க வேண்டாம். கசப்பை உணரும் திறனில் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. உங்களுக்குத் தொண்டை வரை நீளும் கசப்பு அவருக்கு நாக்கின் நடுவிலேயே முடிந்துவிடலாம். அதனால் மாற்றுக் கருத்தை எண்ணில் பேசாமல், இருவரும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்து, ஒரே மாதிரி ஊற்றி, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்காமல் வாசனை, சுவை, வாய் உணர்வு, பின்சுவை என்று நாலு வரி எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். வாசனை வரிகள் ஒத்துப்போய்ப் பின்சுவை வரியில் மட்டும் பிரிந்தீர்கள் என்றால், பிரச்சினை கசப்பில்தான், அது பெருமளவு உங்கள் இருவரின் நாக்கைப் பற்றியது. வாசனையிலேயே பிரிந்தால் வெப்பநிலையோ ஊற்றிய விதமோ மண்டியோ காரணமா என்று முதலில் பாருங்கள். அந்தக் குறிப்புகளை இங்கே பதிலில் போட்டால், அடைத்த தேதியும் ஆல்கஹால் அளவும் சேர்த்துப் போடுங்கள், உறுத்தல் எதனால் என்று இன்னும் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கிறேன்.